முள் ஆடாத முதலாளி

தெய்வசிகாமணிக்குச் சைபர் விழுந்த சேதி வெளியே போன ஐந்தாவது நிமிடம், கோர்ட் வாசலில் சரவெடி கொளுத்தினார்கள்.

ஒன்பது பெண்கள் தீயில் வெந்து செத்த வழக்கு. அதன் முதல் குற்றவாளிக்கு வாணவேடிக்கை. கொளுத்தியவர்களுக்கு அது உறைக்கவில்லை. உறைக்கிற ஆட்கள் ஊரில் மிச்சம் இருந்திருந்தால் சைபருக்கு இவ்வளவு கிராக்கியும் இருந்திருக்காது.

"என்னங்க மேடம் சத்தம்?" என்றார் தெய்வசிகாமணி, தலையில் மாட்டியிருந்த சோதனைத் தொப்பியைக் கழற்றியபடி. ஐம்பத்திரண்டு வயது. தேன்சிட்டு எக்ஸ்போர்ட்ஸ் என்ற பனியன் கம்பெனியின் முதலாளி. இரண்டு மணி நேரச் சோதனைக்குப் பிறகும் நெற்றியில் விபூதி அப்படியே இருந்தது. வியர்த்தால்தானே கலையும்.

"உங்களுக்காகத்தான் சார்," என்றார் அவருடைய வக்கீல் சந்திரமௌலி. "பசங்க சந்தோஷப்படறாங்க."

"நான் ஒண்ணும் பண்ணவே இல்லீங்களே. சும்மா உக்காந்திருந்தேன்."

"அதுதான் சார் சைபர்."

நான் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். என் பெயர் சிம்ஹா ஏலியாஸ். திருப்பூர் மாவட்ட நீதிமன்றத்தில் தராசு இயக்குநர். எங்கள் குடும்பம் கொச்சி யூதர்கள். கோயம்புத்தூருக்குக் குடிவந்து இரண்டு தலைமுறை ஆகிறது. சிம்ஹா என்றால் ஹீப்ருவில் மகிழ்ச்சி. இங்கே எல்லோருக்கும் நான் சிம்மா. சிங்கத்துக்குப் பெண்பால் என்று நினைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்கள். வசதியாக இருப்பதால் திருத்தியதில்லை.

"மேடம், ஒரு சந்தேகமுங்க. இந்த மிஷின் என்னத்தப் பாக்குது?" தெய்வசிகாமணிக்குத் தன் வெற்றியின் தொழில்நுட்பம் தெரியவேண்டியிருந்தது.

"ஒரு காரியம் செய்யறப்ப, செய்யலாமா வேண்டாமான்னு மனசுக்குள்ள இழுபறி நடந்தா அந்தத் தழும்பு ஞாபகத்துல தங்கிடும். அந்தக் காட்சியைத் திரும்ப நினைக்கச் சொன்னா தழும்பு துடிக்கும். தராசு முள் ஆடும். பத்தைத் தாண்டினா அந்த ஆளுக்கு நல்லது கெட்டதைத் தேர்ந்தெடுக்கிற சக்தி இருக்குன்னு அர்த்தம். தாண்டலேன்னா சைபர்."

"எனக்கு?"

"தழும்பே இல்ல."

"அப்ப உடம்பு சுத்தமா இருக்குதுன்னு சொல்லுங்க," என்று சிரித்தார்.

தேர்வுத் திறன் சட்டம் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. தேர்ந்தெடுக்கும் சக்தி இல்லாதவனைத் தண்டிக்கக் கூடாது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. முதல் வருடம் சித்தம் கலங்கிய நாலு பேர் இதனால் தப்பித்தார்கள். இரண்டாம் வருடம் மற்றவர்கள் முழித்துக்கொண்டார்கள். அவிநாசி ரோட்டில் சைபர் அகாடமிகள் முளைத்தன. செய்த தப்பை ஒரு நாளைக்கு முந்நூறு தடவை, முறுக்கு கடித்தபடி, வாய்ப்பாடு மாதிரி மனசுக்குள் ஓட்டச் சொல்வார்கள். நாற்பத்தெட்டு நாளில் அது மரத்துப்போகும். ஒரு ஆளுக்கு ஒரே சர்டிபிகேட், எல்லாக் காரியத்துக்கும் செல்லும். "இந்த நபருக்குத் தேர்வுத் திறன் இல்லை" என்ற வாசகத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிய டாக்டரை எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் போல அச்சிட்டவர்களும் உண்டு.

தெய்வசிகாமணி எந்த அகாடமிக்கும் போகவில்லை. அவருடையது பிறவிச் சைபர் போலச் சுத்தமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஆட்கள் டீக்கு எழுந்து போகக் கூடாது என்று ஷிப்ட் ஆரம்பித்ததும் இரண்டாவது மாடிக் கதவைப் பூட்டுவது தேன்சிட்டில் ஏழு வருட வழக்கம். அன்று மதிய ஷிப்ட் தொடங்கும்போது செக்கிங் சூப்பர்வைசர் வசந்தாமணி முதலாளிக்குப் போன் செய்தாள். ஒயர் கருகுகிற வாடை வருகிறது, இன்றைக்குக் கதவைத் திறந்தே வைக்கட்டுமா என்று கேட்டாள். அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பூட்டு" என்றார். ஒரே வார்த்தை. நாற்பது நிமிடம் கழித்து மாடி எரிந்தது.

அந்தப் "பூட்டு"வை இருபது தடவை நினைக்க வைத்தேன். முள் செத்துக் கிடந்தது. இருபத்தோராவது தடவை ஒன்றரைக்குப் போய்த் திரும்பியது. விசாரித்தால், அன்றைக்கு ரசத்தில் உப்பு குறைவாம்.

"வக்கீல் சார், பார்வோன் கதை தெரியுமா?" என்றேன்.

"உங்க ஆட்களை விடமாட்டேன்னு அடம் பிடிச்ச எகிப்து ராஜா. கடவுள் அனுப்பின பத்து வாதை. கான்வென்ட்ல படிச்சிருக்கேன் மேடம்."

"முதல் அஞ்சு வாதைக்கும் அவனாத்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டான். ஆறாவதுல இருந்து கடவுள் கல்லாக்கினார்னு வரும். கடவுளே கல்லாக்கிட்டா அவனுக்கு எதுக்குத் தண்டனைன்னு எங்க ஆட்கள் ஆயிரம் வருஷமா சண்டை போட்டிருக்காங்க. ஒருத்தர் சொன்ன பதில், அந்தச் சக்தி கையை விட்டுப் போனதே தண்டனைதான். அஞ்சு தடவை அதைக் கெடுத்தவனுக்கு ஆறாவது தடவை கிடைக்கல. உங்க கட்சிக்காரர் ஏழு வருஷத்துக்கு முன்னாடி முதல் நாள் பூட்டச் சொன்னப்ப முள் ஆடியிருக்கும். அந்தத் தழும்பு தேய்ஞ்சுபோச்சு."

"நல்ல கதை மேடம்," என்றார் சந்திரமௌலி. "அந்தப் பார்வோனுக்கு நான் ஆஜராகியிருந்தா ஆறாவது வாதையிலயே பெயில் வாங்கியிருப்பேன்."

இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் காலை இரண்டாம் குற்றவாளி வந்தாள். வசந்தாமணிக்கு நாற்பத்தொரு வயது. வலது உள்ளங்கை முழுக்கத் தோல் இழுத்துச் சுருங்கியிருந்தது. தீப்பிடித்ததும் சாவியோடு மேலே ஓடிக் கொதிக்கிற பூட்டைப் பிடித்தவள் அவள்தான். புகையில் மயங்கி விழுந்தவளைக் காலைப் பிடித்து இழுத்துவந்து காப்பாற்றினார்கள். காப்பாற்றியது வழக்குப் போடுவதற்கு என்று ஆகிவிட்டது.

நான் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். தொப்பியை மாட்டுவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"இங்க பாருங்கம்மா. காட்சியை மேலோட்டமா ஓட்டினா முள் அஞ்சைத் தாண்டாது. நான் சைபர்னு எழுதிடறேன். எழுதலேன்னா நாலு வருஷம் ஜெயில்."

"ஏனுங் மேடம், மொதலாளிக்கும் அதேதானுங்களே வந்துச்சு?"

"ஆமா."

"அப்ப எனக்கும் அவருக்கும் ஒரே மார்க்குங்களா?"

தொப்பியின் வாரைச் சரிசெய்தேன்.

"சாவியப் பூட்டுக்குள்ள போட்டுட்டு நின்னனுங். உள்ள ஜோதிமணி மிஷின ஓட்டிட்டே பக்கத்து டேபிள்காரிகிட்ட வம்பு பேசிட்டிருந்தா. பூட்டறதா, அந்தாளு கெடக்கறான்னு உட்டுட்டுப் போறதான்னு யோசிச்சனுங். எட்டு செகண்டு இருக்கும். அப்புறம் பூட்டிட்டேன். அந்த எட்டு செகண்டுதானுங் எங்கிட்ட மிச்சம் இருக்குது. அதையும் நீங்க அழிச்சுப்போட்டா நானும் அந்தாளும் ஒண்ணாயிருவோமுங்."

"பொண்ணு இருக்கில்ல?"

"இருக்குதுங். ப்ளஸ் ஒன்."

"அவளை நினைச்சாவது..."

"அவள நெனச்சுத்தானுங் அன்னைக்கே பூட்டுனேன்."

தொப்பியை மாட்டினேன். முதல் தடவையிலேயே முள் எழுபத்திநாலுக்குப் போய் அங்கேயே நின்று ஆடியது. மனசுக்குள் நல்லதுக்கு ஒருத்தன், கெட்டதுக்கு ஒருத்தன் என்று இரண்டு பேர் இருந்து மல்லுக்கட்டுவதாக எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அவளுக்குள் அந்த இரண்டு பேரும் இன்னமும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

ஆக, தயங்கியவள் உள்ளே, தயங்காதவர் வெளியே. பதினான்கு வருடமாக இந்த அயோக்கியத்தனத்துக்கு முத்திரை குத்திச் சம்பளம் வாங்கிய கை என்னுடையது. மனசைத் தொட்டுச் சொல்கிறேன், அன்றுவரை ஒரு நாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. நீதிபதி கற்பகவல்லி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இரண்டாம் குற்றவாளி வசந்தாமணி. அளவு எழுபத்திநாலு. நாலு வருடம். முதல் குற்றவாளி தெய்வசிகாமணி. அளவு சைபர். விடுதலை. பதினேழாம் பிரிவுப்படி பொறுப்பாளர் யாரு?"

"அவர் மனைவிங்க யுவர் ஆனர்," என்று சந்திரமௌலி படிவத்தை நீட்டினார்.

இந்தப் பதினேழாம் பிரிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டத்தை எழுதிய கூட்டத்தில் மனசாட்சியுள்ள ஒரு குமாஸ்தா ஒளிந்திருந்திருக்கிறார். சைபர் வாங்கியவரால் ஓர் உயிர் போயிருந்தால், அதன்பிறகு அவர் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது, தொழில் நடத்தக்கூடாது. அவரையும் அவர் சொத்தையும் ஐம்பதுக்கு மேல் அளவுள்ள ஒருவரின் பொறுப்பில் விடவேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். நடைமுறையில் பெண்டாட்டி ஒரு கையெழுத்துப் போடுவாள், ஆசாமி பழையபடி ராஜாங்கம் நடத்துவார். படிவத்தில் பொறுப்பாளரின் அளவு என்று ஒரு கட்டம் உண்டு. அதைத் தராசு இயக்குநர் நிரப்ப வேண்டும். நான் காலியாக விடுவேன். யாரும் கேட்டதில்லை.

படிவம் என் மேஜைக்கு வந்தது. பேனாவைத் திறந்தேன்.

"அம்மா, உங்க அளவு என்ன?" என்று தெய்வசிகாமணியின் மனைவியைக் கேட்டேன்.

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார். "சைபருங்க. மூணு வருஷம் ஆச்சு. வேலைக்காரப் பொண்ணு மாடியில இருந்து உழுந்தா பாருங்க, அப்ப எடுத்தது."

"அப்படின்னா நீங்க பொறுப்பாளரா இருக்க முடியாது."

"பையன் இருக்கான்," என்றார் சந்திரமௌலி அவசரமாக. பையனுக்குக் காரை ஏற்றிய வகையில் சைபர். பங்குதாரரான மச்சானுக்கு ஆற்றில் சாயத்தண்ணீர் விட்ட வகையில் சைபர். ஆடிட்டர் எதுவும் செய்யாமலேயே, முன்ஜாமீன் மாதிரி முன்சைபராக வாங்கி வைத்திருந்தார். சம்பந்தி, சித்தப்பா, கோயில் கமிட்டித் தலைவர் என்று போனில் அழைத்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவரும் கெட்டிக்காரத்தனமாக மனுஷத்தன்மையைத் துறந்து சர்டிபிகேட் வாங்கியிருந்தார்கள். வம்சத்தில் ஒரு முள் ஆடவில்லை.

"வக்கீல் சார், நீங்க?" என்றேன்.

சந்திரமௌலி இருமினார். ஒரே வழக்கில் இரண்டு பக்கமும் பேசிய பழைய விவகாரம் ஒன்று அவருக்கு உண்டு.

"கோர்ட் ஊழியர்கள் இருக்க முடியாது. நீதிபதியும் முடியாது," என்றார் கற்பகவல்லி. அந்தக் கடைசி வாக்கியம் வந்த வேகத்தைப் பார்த்து அரசு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதியை யாரும் கேட்கவே இல்லை.

"யுவர் ஆனர், இந்த அறையில ஐம்பதுக்கு மேல பதிவான ஆள் ஒருத்தர் இருக்காங்க," என்றேன். "எழுபத்திநாலு."

கூண்டில் நின்ற வசந்தாமணி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அப்ஜக்‌ஷன்! அந்தம்மா குற்றவாளி!"

"அதனாலதான் சார் தகுதி."

"இதுக்கு முன்னுதாரணம் ஏதாவது இருக்கா?" என்றார் நீதிபதி.

"எங்க பழைய சட்டத்துல இருக்குங்க. காளை ஒருத்தனைக் குத்திக் கொன்னா, அதுக்குத் தெரிஞ்சு செஞ்ச பாவம்னு ஒண்ணும் கிடையாது. ஆனா கட்டி மேய்க்க ஒரு ஆள் பொறுப்பேத்துக்கணும். அந்த ஆள் மனுஷனா இருக்கணும். ஒரு காளையை இன்னொரு காளைகிட்ட ஒப்படைக்க முடியாதுங்க. மனுஷனுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்ல. அவன் தூங்கிட்டிருந்தப்ப செஞ்ச சேதத்துக்கும் அவனேதான் பொறுப்பு."

"இது திருப்பூர். ஜெருசலேம் இல்ல. உக்காருங்க." நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்தைந்து. சாப்பாட்டு நேரம். வேறு பெயரும் இல்லை. "மிஸ்டர் தெய்வசிகாமணி, அந்தம்மா பொறுப்புல இருக்க வேண்டாம்னா உங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. எனக்குத் தேர்வுத் திறன் இருந்தது, தெரிஞ்சேதான் பூட்டச் சொன்னேன்னு நீங்களே சொன்னா சர்டிபிகேட் ரத்து. மனுஷனா நின்னு வழக்கை நடத்தலாம்."

தெய்வசிகாமணி வக்கீலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க. மாடாவே இருந்துக்கறேன்," என்றார்.

அந்த நேரத்தில் அவர் தலையில் தொப்பி இருந்திருந்தால் முள் ஆடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தாமதமாகத்தான் தோன்றியது.

நீதிபதி உத்தரவை வேகமாகப் படித்தார். பொறுப்பில் இருக்கும்வரை வசந்தாமணியின் தண்டனை நிறுத்திவைப்பு. பகல் முழுக்க முதலாளி அவள் கண்பார்வையில் இருக்கவேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை. எந்த விஷயத்திலாவது முள் பத்தைத் தாண்டினால் சர்டிபிகேட் கிழிக்கப்படும், அவர் மீதான வழக்கு உயிர்பெறும், வசந்தாமணி அன்றே தன் நாலு வருடத்துக்கு உள்ளே போகவேண்டும்.

முதல் சோதனைக்கு இருவரும் ஒன்றாக வந்தார்கள். முதலாளி நாலு கிலோ ஏறியிருந்தார். முகத்தில் ஒரு குழந்தைத்தனமான பளபளப்பு.

"எப்படி சார் இருக்கீங்க?"

"அக்காவக் கேளுங்க," என்றார்.

"யாரு அக்கா?"

"இவங்கதான்." தன்னைவிடப் பதினோரு வயது சின்னவளைக் காட்டினார்.

அவர் தொப்பிக்காகத் தலையைத் துடைத்துக்கொள்ள வாஷ்பேசின் பக்கம் போனதும் வசந்தாமணி என் மேஜையில் கையூன்றிக் குனிந்தாள்.

"முடியலீங் மேடம். காலைல ஏழு மணிக்கு எங்க வீட்டுக்குக் கார்ல வந்து எறங்கி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கறாரு. அக்கா, இட்லி சாப்புடட்டுமா தோசை சாப்புடட்டுமாங்கறாரு. அக்கா, செருப்ப வெளிய உடட்டுமாங்கறாரு. பக்கத்து லைன் வீட்டுக்காரங்கெல்லாம் வேடிக்க பாக்கறாங்க. எம்பொண்ணு பூனை வளத்தலாம்னு கேட்டா, நான்தான் இடமில்லன்னு சொன்னேன். இப்ப இது."

"கம்பெனி?"

"ஓடுதுங். மாடிக் கதவையெல்லாம் கழட்டி எடைக்குப் போட்டுட்டேன். கையெழுத்து நான்தான போடறேன். அதுக்குக்கூட அந்தாளு ஒண்ணும் சொல்லலீங். ஏனுங், இவருக்கு எங்கயுமே முள்ளு ஆடாதுங்களா?"

"எங்க ஆளு ஒருத்தர் இதைப் பத்தி யோசிச்சிருக்கார்," என்றேன். "ரெண்டு நாட்டுக்கு நடுவுல சண்டை எல்லைக்கோட்டுலதான் நடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் எதிரிக்கு விட்டுக்கொடுத்த ஊர்ல சண்டையே கிடையாது, அமைதியா இருக்கும். மனசும் அப்படித்தான். திருடிப் பழகினவனுக்குத் திருடலாமா வேண்டாமாங்கற கேள்வியே வராது. ஆனா மாட்டினா கத்தியை எடுக்கலாமா வேண்டாமான்னு யோசிப்பான். அவன் எல்லை அங்க இருக்கு. உங்க எல்லை அந்தக் கதவுகிட்ட இருந்துச்சு. இவர் கதவையெல்லாம் எப்பவோ விட்டுக்கொடுத்துட்டார். எல்லைன்னு ஒண்ணு எங்கயோ இருக்கணும். நான் கதவுகிட்டயே தேடிட்டிருக்கேன்."

"போன வாரம் எனக்குக் காய்ச்சலுங்," என்றாள் வசந்தாமணி. "படுத்திருந்தேன். அந்தாளு ஒரு மாதிரி என்னையப் பாத்தாரு. மாடு அப்படிப் பாக்காதுங்."

வழக்கமான கேள்விகள் இருபது. தீ, கதவு, போன், ஒன்பது பெயர்கள். முள் படுத்தே கிடந்தது. தெய்வசிகாமணி நடுவில் ஒரு தடவை கொட்டாவி விட்டார்.

"கடைசியா ஒண்ணு சார். கண்ணை மூடிக்குங்க. போன வாரம், அக்காவுக்குக் காய்ச்சல் வந்த நாள்."

"சரிங்க. கட்டில்ல படுத்திருந்தாங்க. பொண்ணு பள்ளிக்கூடம் போயிருச்சு. நான் சேர்ல உக்காந்து செல்லுல சீட்டாடிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"தண்ணின்னாங்க. என்னையப் பாத்துச் சொல்லலீங்க. தூக்கத்துல மொணகுனாங்க."

முள் இரண்டுக்கு வந்தது.

"தண்ணிக் கொடம் எங்க இருந்துச்சு?"

"எங்கிட்டத்தானுங்க. நாலடி. சொம்பக்கூட மேலயே கவுத்தி வெச்சிருந்துச்சு." ஆறு. "எந்திரிக்கலாமான்னு..." நிறுத்திக்கொண்டார். பதினொன்று. பதினேழு.

"சொல்லுங்க சார்."

"பாதி எந்திரிச்சனுங்க. அப்புறம், யாரும் சொல்லலியே, நாமளா எதுக்குன்னு உக்காந்துட்டேன்."

இருபத்தாறு. முள் அங்கே நின்று நடுங்கியது.

ஒன்பது பெண்களுக்கு அசையாத முள், ஒரு சொம்புத் தண்ணீருக்கு அசைந்தது. பாராட்ட இதில் ஒன்றுமில்லை. பாதி எழுந்த மனுஷன் திரும்ப உட்கார்ந்துவிட்டான். ஆனால் உட்கார்ந்தது மாடில்லை.

அவர் கண் இன்னும் மூடியிருந்தது. தராசுத் திரையைப் பார்த்தது நானும் வசந்தாமணியும் மட்டும்தான். அவளை வராண்டாவுக்கு அழைத்துப்போனேன்.

"அழிச்சிடலாம்," என்றேன். "சைபர்னு எழுதறேன். கம்பெனி உங்க கையிலயே இருக்கும். பொண்ணு ப்ளஸ் டூ முடிப்பா. எழுதினா இன்னைக்குச் சாயந்திரமே நீங்க உள்ள."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கீழே யாரோ ஒருத்தன் ஒரு கட்டுப் பத்திரத்தில் நோட்டரி முத்திரை குத்திக்கொண்டிருந்தான். இந்தத் தடவை எட்டு வினாடியில் முடியவில்லை. கீழே அவன் அந்தக் கட்டு முழுக்கக் குத்தி முடித்து அடுத்ததை எடுத்தான்.

"அவளுக்கு எந்தம்பி வீடு இருக்குதுங்," என்றாள். "எழுதுங்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். தண்ணி குடுக்கலாமான்னு அந்தாளு யோசிச்சிருக்கான் மேடம். யோசிக்கத் தெரிஞ்சவன மாடுன்னு எழுதிக் குடுத்தா, செத்தவளுக ஒம்பது பேருக்கும் நாம என்ன நாயம் சொல்றது? மாடு முட்டிச் செத்தாளுகன்னா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுவுமில்லாம, நாலு வருஷம் அந்தாளுக்கு இட்லியா தோசையான்னு பதில் சொல்றதுக்கு ஜெயிலே தேவலைங்."

உள்ளே வந்து எழுதினேன். இருபத்தாறு. கையெழுத்து, தேதி, முத்திரை. சர்டிபிகேட்டை நாலாகக் கிழித்து உறையில் போட்டேன்.

"சைபர்தானுங்களே?" என்று கண்ணைத் திறந்தார் தெய்வசிகாமணி.

"இருபத்தாறு. நீங்க மனுஷன் சார். வாழ்த்துகள்."

அவர் முகத்தில் அந்தக் குழந்தைப் பளபளப்பு வழிந்து இறங்கியதைப் பார்த்தேன். விபூதி கலைந்து புருவத்தில் ஒழுகியது.

"ஒரு சொம்புத் தண்ணிக்காங்க? அதுக்குப் போயா? அழிச்சுருங்க மேடம். அக்கா, நீங்களாவது சொல்லுங்க. நீங்களுந்தான உள்ள போவீங்க?"

"போவேனுங்."

"அப்புறமென்ன!"

"சார், கீழே ஜட்ஜ் உக்காந்திருக்காங்க," என்றேன். "இப்பவே போய், தெரிஞ்சுதான் சொன்னேன்னு ஒத்துக்கலாம். இல்ல, வக்கீலைக் கூப்பிட்டு இந்த அளவை எதிர்த்துப் பத்து வருஷம் இழுக்கலாம். ரெண்டும் திறந்திருக்கு."

தெய்வசிகாமணி தொப்பியைக் கழற்றாமலே எழுந்து நின்றார். ஒயர் இழுத்து மேஜை நகர்ந்தது. போனை எடுத்தார், வைத்தார். வாசலைப் பார்த்தார். பிறகு மூன்று மாதப் பழக்கத்தில் அவள் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இப்ப நான் என்னங்க பண்ணட்டும்?"

வசந்தாமணி சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதையெல்லாம் இனிமேல்ட்டு என்னைய எதுக்குங் கேக்கறீங்க, மொதலாளி?"